வானிலிருந்து பழமையைக் காணல்

கோலத்தின்மேல் ஊர்ந்து செல்லும் எறும்புக்கு அக்கோலம் தெரியுமா? அதற்குத் தெரிவதெல்லாம் ஓரிடத்தில் வெண்மை, அடுத்த இடத்தில் சாணம் மெழுகிய தரை, பிறகு மீண்டும் வெண்மை, அவ்வளவே. புள்ளிகளையும் அவற்றை வளைத்துச் செல்லும் கோடுகளையும் ஒருங்கே காண வேண்டுமானால் வாசலில் நிமிர்ந்து நிற்க வேண்டும். பழங்கால மனிதன் நிலத்தில் இட்டுச் சென்ற கோலங்களுக்கு முன்னால் நாம் எல்லோரும் எறும்புகளே. அவற்றின் மேலேயே நடக்கிறோம், உழுகிறோம், வீடு கட்டுகிறோம், ஆனால் காண்பதில்லை.

எழுத்து தோன்றுவதற்கு முற்பட்ட மக்கள் தங்கள் குடியிருப்பைச் சுற்றி அகழி வெட்டினர். மண்ணைக் குவித்துக் கரை எழுப்பினர். மாடுகளை அடைக்கப் பட்டி அமைத்தனர். இறந்தவர்களைப் புதைத்த இடத்தில் கல்வட்டம் நட்டு, மேலே மண்ணும் கல்லும் குவித்தனர். மழையும் காற்றும் கலப்பையும் கரையைக் கரைத்துவிட்டன, அகழியைத் தூர்த்துவிட்டன. தரைமட்டமாகிவிட்டதே, இனி என்ன மிஞ்சும் என்று கேட்கத் தோன்றும். மிஞ்சுவது உண்டு. அகழி தூர்ந்து போகலாம். ஆனால் தூர்ந்த மண்ணும், என்றுமே வெட்டப்படாத மண்ணும் ஒன்றாகிவிடுவதில்லை. ஒன்று இளகியது, மற்றது இறுகியது. ஒன்று ஈரத்தைத் தேக்கும், மற்றது தேக்காது. இந்த வேறுபாட்டை மேலிருந்து கண்டுபிடிப்பதே வான்வழிப் புதைபொருள் ஆராய்ச்சியின் அடிப்படை.

இக்கலை பிறந்த வரலாறு

1906ஆம் ஆண்டில் ஆங்கிலப் படையைச் சேர்ந்த ஷார்ப் என்பவர் பலூனில் ஏறி, இங்கிலாந்தின் புகழ்பெற்ற கல்வட்டமாகிய ஸ்டோன்ஹெஞ்சைப் படம் பிடித்தார். முதல் உலகப் போர் இக்கலைக்கு ஊக்கம் தந்தது. பகைவரின் பதுங்கு குழிகளைக் காண விமானங்களிலிருந்து படம் எடுத்தார்கள். அப்படங்களில் போருக்குத் தொடர்பில்லாத பழைய கோடுகளும் விழுந்தன. மெசபொட்டேமியாவில் பீஸ்லி என்ற படை அதிகாரி, பழைய சமாரா நகரத்தின் தெருக்களும் கால்வாய்களும் இவ்வாறு தெரிவதைக் கண்டு எழுதினார்.

போர் முடிந்தபின் இதனை ஒரு முறையான கல்வியாக்கியவர் கிராஃபர்டு. 1923இல் அவர் ஆங்கில விமானப் படையின் பழைய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஸ்டோன்ஹெஞ்சுக்குச் செல்லும் பழங்காலப் பாதையின் மறைந்துபோன பகுதி இரண்டு மெல்லிய கோடுகளாக ஓடுவதைக் கண்டார். 1925இல் இன்சால் என்ற விமானி, ஸ்டோன்ஹெஞ்சுக்குச் சிறிது தொலைவிலுள்ள ஒரு வயலுக்கு மேலே பறந்தபோது வட்டமாக அமைந்த வெண்புள்ளிகளைக் கவனித்தார். அடுத்த கோடையில் அதே வயலில் கோதுமை வளர்ந்து நின்றபோது, புள்ளிகள் வரிசை வரிசையாகத் தெளிந்து தெரிந்தன. அகழ்ந்து பார்த்தார்கள். ஒன்றனுள் ஒன்றாக ஆறு வளையங்களில் மரத்தூண்கள் நட்ட குழிகள் இருந்தன. மரம் மக்கி நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. குழிகளை மட்டும் கோதுமை மறக்கவில்லை. அவ்விடத்திற்கு 'உட்ஹெஞ்சு' என்று பெயர் வழங்கலாயிற்று.

நிழல் சொல்லும் செய்தி

மேலிருந்து பார்ப்பவனுக்கு மூன்று வகையான குறிகள் உதவுகின்றன. முதலாவது நிழற்குறி.

நெல் காயப்போட்ட களத்தில் உச்சி வேளையில் மேடு பள்ளம் தெரியாது. மாலை வெயிலில் ஒவ்வொரு சிறு குவியலும் நீண்ட நிழல் விடும். இதனைக் கணக்காகவே பார்க்கலாம். ஒரு பழைய மண்கரை தேய்ந்து தேய்ந்து 30 சென்டிமீட்டர் உயரத்திற்கு வந்துவிட்டதாகக் கொள்வோம். கதிரவன் அடிவானத்திலிருந்து 5 பாகை உயரத்தில் இருந்தால் அதன் நிழல் ஏறத்தாழ 3.4 மீட்டர் நீளும். 15 பாகையில் 1.1 மீட்டர். 50 பாகைக்கு மேலே போனால் கால் மீட்டர்கூட இராது. நடந்து செல்பவனின் காலுக்குத் தட்டுப்படாத மேடு, விடியற்காலையில் விமானத்திலிருந்து எடுத்த படத்தில் கருங்கோடாக நிற்பது இதனால்தான்.

இங்கே நம் நாட்டிற்கே உரிய ஒரு சங்கடம் உண்டு. ஸ்டோன்ஹெஞ்சு 51 பாகை வடக்கே இருக்கிறது. அங்கே குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலில், நண்பகலிலும் கதிரவன் சுமார் 15 பாகைக்கு மேல் எழுவதில்லை. நாள் முழுவதும் நிழற்படம் எடுக்கலாம். நாம் வாழும் பெங்களூரோ 13 பாகையில் உள்ளது. இங்கே அதே நாளில் நண்பகற் கதிரவன் 53 பாகைக்கு மேல் நிற்கும். காலையில் எழும்போதும் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக எழுகிறது. 5 பாகையிலிருந்து 15 பாகைக்குச் செல்ல ஏறத்தாழ முக்கால் மணி நேரமே ஆகிறது. அந்தச் சிறு பொழுதில் மூடுபனி வேறு வந்துவிட்டால், அன்றைய வேலை போயிற்று. ஆங்கிலேயன் எழுதிய நூலை அப்படியே எடுத்துக்கொண்டு இங்கே வேலை செய்ய முடியாது என்பதற்கு இது ஒன்றே போதிய சான்று.

பயிரும் மண்ணும் காட்டும் அடையாளம்

இரண்டாவது பயிர்க்குறி. தூர்ந்த அகழியின்மேல் விதைத்த தானியத்தின் வேர் இளகிய மண்ணில் ஆழமாக இறங்கும். அங்கே ஈரமும் உரமும் மிகுதி. ஆகவே அப்பயிர் உயரமாகவும் கரும்பச்சையாகவும் வளரும்; முதிர்ந்து மஞ்சளாவதும் தாமதமாகும். மாறாக, மண்ணுக்கடியில் சுவர் இருந்தால் வேர் முட்டிக்கொள்ளும்; பயிர் குட்டையாகி முன்னதாகவே வெளிறும். மழை பொய்த்த ஆண்டில் இவ்வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரியும். 2018ஆம் ஆண்டுக் கோடையில் அயர்லாந்தில் கடும் வறட்சி வந்தது. உழவர்கள் வருந்திய அந்த ஜூலையில், நியூகிரேஞ்சு என்னும் புகழ்பெற்ற கற்காலக் கல்லறைக்கு அருகே ட்ரோன் பறக்கவிட்ட இருவர், அதுவரை எவரும் அறியாத ஒரு மாபெரும் வட்ட அமைப்பு வயலில் கோடு கோடாகத் தெரிவதைக் கண்டனர்.

நம் பக்கத்தில் கேழ்வரகும் சோளமும் விளையும் மானாவாரி நிலங்களே இதற்கு ஏற்றவை. தண்ணீர் கட்டிய நஞ்செயில் எல்லா வேருக்கும் ஒரே அளவு நீர் கிடைப்பதால் இவ்வேறுபாடு மழுங்கிவிடும். காவிரிப் படுகையில் நெல் வயலைப் பார்த்துப் பயிர்க்குறி தேடுவது வீண் முயற்சியாகவே முடியும்.

மூன்றாவது மண்குறி. உழும்போது அடிமண் மேலே வருகிறது. அது சுற்றியுள்ள மண்ணினின்றும் நிறத்தால் வேறுபட்டால், உழுத மறுநாள் பழைய அமைப்பு வண்ணத்தால் வரைந்ததுபோல் தோன்றும்.

இந்தியாவில்

நம் நாட்டில் வான்படம் பயன்பட்டதற்குப் பழைய எடுத்துக்காட்டு ஒரிசாவில், புவனேசுவரத்தை அடுத்த சிசுபால்கர். அது கற்காலத்தது அன்று. வரலாற்றுக் காலத் தொடக்கத்தைச் சேர்ந்த கோட்டை நகரம். 1948இல் பி. பி. லால் அங்கே அகழ்ந்தார். வான்படத்தில் அந்நகரின் மண்கோட்டை ஏறக்குறைய நேர்த்தியான சதுரமாகத் தெரிகிறது. பக்கம் ஒன்று சுமார் 1.2 கிலோமீட்டர், பக்கத்திற்கு இரண்டாக எட்டு வாயில்கள். தரையில் நின்று பார்ப்பவனுக்கு அது ஒரு நீண்ட மேடு. மேலிருந்து பார்ப்பவனுக்கு அது திட்டமிட்டுக் கட்டிய ஊர்.

ஆனால் சிசுபால்கர் போன்ற எடுத்துக்காட்டுகள் இங்கே பெருகவில்லை. வான்படங்கள் நாட்டுப் பாதுகாப்புக்கு உரியவையாகக் கருதப்பட்டமையால் ஆராய்ச்சி மாணவனுக்கு அவை எளிதில் கிட்டவில்லை. வரைபடங்கள் பற்றிய விதிகள் 2021இல்தான் பெரிதும் தளர்ந்தன.

சாம்பல் மேடுகள்

நாம் குடியேறி வாழும் இக்கருநாடகத்தில், வானிலிருந்து தேடத் தக்க கற்கால மேடுகள் எவை என்று கேட்டால், முதலில் சொல்ல வேண்டியவை சாம்பல் மேடுகளே.

பல்லாரி, ராய்ச்சூர், சோராப்பூர்ப் பகுதிகளிலும், அவற்றை ஒட்டிய ஆந்திர, தெலுங்கானப் பகுதிகளிலும் இவை பரவிக் கிடக்கின்றன. பல்லாரியிலிருந்து ஹொசபேட்டைக்குச் செல்லும் சாலையில் உள்ள குடதினி மேடு இவற்றுள் பெயர் பெற்றது. 1836இல் நியூபோல்டு என்ற ஆங்கில அதிகாரி இத்தகைய மேட்டின் கசடைக் கண்டு, எரிமலைக் கசடு என்ற தலைப்பில் குறிப்பு எழுதினார். ஊர் மக்கள் அரக்கர்களின் எலும்பு எரிந்த இடம் என்றனர். 1863இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்தவரும், நம் நாட்டுக் கற்கால ஆராய்ச்சியின் தந்தை எனப்படுபவருமான ராபர்ட் புரூஸ் ஃபுட், இது மாட்டுச் சாணம் எரிந்த சாம்பலே என்று கருதினார்.

ஃபுட் கூறியதே சரி என்பதை அகழாய்வு நிறுவியது. 1957இல் ஆல்சின் என்ற அறிஞர், இன்றைய தெலுங்கானத்தைச் சேர்ந்த உத்னூரில் ஒரு மேட்டை அகழ்ந்தார். மரத்தூண்கள் நட்டு வளைத்த பட்டியின் தடயம் இருந்தது. சாணம் குவிந்து, எரிந்து, மீண்டும் குவிந்து, மீண்டும் எரிந்த அடுக்குகள் இருந்தன. அவ்வடுக்குகளுக்கிடையே மாடுகளின் குளம்புச் சுவடுகள் பதிந்திருந்தன! நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு மாலையில் பட்டிக்குத் திரும்பிய மாட்டின் சுவடு அது. பிற்காலத்தில் பத்தய்யா என்ற அறிஞர் புதிஹாளில் அகழ்ந்தபோது, சாம்பல் மேட்டை ஒட்டியே மக்கள் வாழ்ந்த குடியிருப்பையும், மாடுகளை அறுத்துப் பங்கிட்ட தளத்தையும் கண்டார். கி.மு. 3000 முதல் 1200 வரையிலான தென்னிந்தியப் புதிய கற்காலத்தை இம்மேடுகள் நமக்குக் காட்டுகின்றன.

இவற்றைக் கண்டுபிடித்தவர்கள் கால்நடையாகத் திரிந்தே கண்டனர். வானிலிருந்து தேட விரும்புகிறவன் என்ன செய்ய வேண்டும்? அறிந்ததைக்கொண்டு அறியாததைத் தேட வேண்டும். அறியப்பட்ட மேடுகள் படத்தில் எப்படித் தெரிகின்றன என்று முதலில் பயில வேண்டும். கரிசல் நிலத்தின் நடுவே சாம்பல் வெளிறித் தோன்றும். பெரும்பாலும் வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருக்கும். மேய்ச்சல் நிலமும் நீரும் கற்குன்றும் எட்டும் தொலைவில் இருக்கும். இவை யாவும் ஒருங்கே அமைந்த இடங்களைக் குறித்துக்கொண்டு, பிறகு நேரில் சென்று பார்க்க வேண்டும்.

செயற்கைக் கோளும் ஒளியளவையும்

இன்று விமானம் ஏறாமலே இத்தேடலைத் தொடங்கலாம். 1988இல் சென்ற நம் நாட்டுத் தொலையுணர்வுக் கோளான ஐ.ஆர்.எஸ். 1ஏ-யின் கூரிய கண்ணுக்கும் 36 மீட்டருக்குக் குறைந்தது ஒரு புள்ளியே. 30 மீட்டர் அகலமுள்ள மேடு அதில் ஒரு புள்ளிக்கும் குறைவு. 2005இல் சென்ற கார்ட்டோசாட் 1-இன் புள்ளி 2.5 மீட்டர், அதே மேடு குறுக்கே 12 புள்ளிகளாகத் தெரியும். 2019இல் சென்ற கார்ட்டோசாட் 3-இல் அது குறுக்கே நூறு புள்ளிகளைத் தாண்டும். அன்றியும், கார்ட்டோசாட் 1 ஒரே நிலத்தை இரண்டு கோணங்களிலிருந்து பார்த்தது. நம் இரு கண்களும் சிறிது வேறுபட்ட இரு காட்சிகளைக் கண்டு ஆழத்தை உணர்வதுபோல, அவ்விரு படங்களையும் சேர்த்து மேடு பள்ளத்தை அளக்கலாம்.

மனிதக் கண்ணுக்குத் தெரியாத ஒளியையும் கோள்கள் காண்கின்றன. நலமுள்ள இலை சிவப்பொளியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். சிவப்புக்கு அப்பாலுள்ள அகச்சிவப்பொளியைத் திருப்பி அனுப்பும். வாடிய இலையில் இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளி குறையும். இரண்டையும் ஒப்பிட்டால், நம் கண்ணுக்கு ஒரே பச்சையாகத் தெரியும் வயலிலும் எங்கே வேர் முட்டுகிறது, எங்கே தழைக்கிறது என்று அறியலாம். பெங்களூரில் உள்ள தேசிய உயராய்வு நிறுவனத்தில் எம். பி. ரஜனி முதலியோர் இத்தகைய படங்களைக்கொண்டு நாலந்தா போன்ற வரலாற்றுக் கால இடங்களை ஆராய்ந்துள்ளனர் என்பதை நம் மாணவர்கள் அறிந்திருத்தல் நலம். இத்துறையைக் காணக் கடல் கடக்க வேண்டியதில்லை. நகரப் பேருந்தில் ஏறினால் போதும்.

காடு மூடிய இடத்தில் படம் பயன்படாது. அங்கே லைடார் என்னும் ஒளியளவை துணைசெய்கிறது. விமானத்திலிருந்து லேசர் ஒளித்துடிப்பை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கிறார்கள். 1000 மீட்டர் உயரத்திலிருந்து சென்று திரும்ப, ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 6.7 பங்கே ஆகும். இலக்கக்கணக்கான துடிப்புகளில் சில இலைகளின் இடைவெளியில் புகுந்து தரையைத் தொட்டுவிடுகின்றன. அவற்றை மட்டும் பிரித்தெடுத்தால், காட்டை நீக்கிய நிலம் கணிப்பொறித் திரையில் தோன்றும். 2009இல் நடு அமெரிக்காவின் மாயர் நகரமாகிய கரக்கோலிலும், 2012இல் கம்போடியாவின் அங்கோரிலும் இம்முறை பெரும்பயன் தந்தது. திரையில் தோன்றும் நிலத்தின்மேல் நாம் விரும்பிய திசையில், விரும்பிய உயரத்தில் ஒரு செயற்கைக் கதிரவனையும் நிறுத்தலாம். முக்கால் மணி நேரத்தில் ஓடிப்போகும் நம் ஊர்க் காலை வெயில் அங்கே நாள் முழுதும் நிற்கும்!

ஏமாற்றும் வட்டங்கள்

இத்தனை கருவிகள் இருந்தும், படத்தில் ஒரு வட்டம் தெரிந்தவுடன் பழைய நகரம் என்று கூவிவிடுதல் தவறு. நெல்லடித்த களம், செங்கற் சூளை, வைக்கோற்போர் இருந்த இடம், ஆட்டுக்கிடை, தூர்ந்த கிணறு, காளான் பரவிய வளையம் ஆகிய அனைத்தும் மேலிருந்து வட்டமே. நீண்ட மண்கரை பெரும்பாலும் ஏரிக்கரையாகவே இருக்கும்; பெங்களூரைச் சுற்றி ஏரிகளுக்குப் பஞ்சமில்லை.

ஆகவே மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். வேறொரு பருவத்தில், வேறோர் ஆண்டில் எடுத்த படத்திலும் அது தெரிகிறதா? பழைய வரைபடத்திலோ ஊரார் நினைவிலோ அதற்கு எளிய விளக்கம் உண்டா? நேரில் சென்றால் பானையோடு, கற்கருவி, சாம்பல் முதலியன கிடைக்கின்றனவா? மூன்றாவது கேள்விக்கு விடை காணாத வரையில் அது ஓர் ஐயம், கண்டுபிடிப்பு அன்று. படம் இடத்தைச் சொல்லும், காலத்தைச் சொல்லாது. காலத்தை மண்ணடுக்கும் கரிமமும்தான் சொல்ல வேண்டும்.

கீழடியையே எடுத்துக்கொள்வோம். அதனை முதலில் காட்டியது வானம் அன்று. இந்தியத் தொல்லியல் துறையினர் 2013–14இல் வைகைக் கரையோரம் ஊர் ஊராக நடந்து 293 இடங்களைப் பதிவுசெய்தனர்; அவற்றுள் ஒன்றுதான் பள்ளிச்சந்தைத் திடல். அகழ்வு தொடங்கிச் சில ஆண்டுகள் சென்றபின், எங்கே குழி போடலாம் என்று முடிவுசெய்ய ட்ரோனும் தரையை ஊடுருவும் ராடாரும் காந்த அளவியும் துணைக்கு வந்தன. காலும் கண்ணும் கருவியும் சேர்ந்தே வேலை நடக்கிறது.

தமிழர்களாகிய நமக்கு இவ்வெச்சரிக்கை இரட்டிப்பாகத் தேவை. நம் பழமையில் நமக்குப் பெருமை உண்டு, அது இயல்பே. ஆனால் அப்பெருமை, காணும் முன்பே முடிவுகட்டச் செய்யுமானால், அது நம் பழமைக்கே செய்யும் தீங்காகும். கற்காலத்து மேடு தமிழ் மேடா, கன்னட மேடா என்று கேட்பதில் பொருளில்லை. பெங்களூருக்குக் கிழக்கே ஹொசகோட்டை வட்டத்து ஜடிகேனஹள்ளியில் 1957இல் சேஷாத்திரி அகழ்ந்த பெருங்கற்கால ஈமச் சின்னங்களும், எல்லைக்கு அப்பால் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கல்வட்டங்களும் ஒரே மரபின் கிளைகள். அவற்றை நட்டவர்களுக்கு ஒசூர்ச் சோதனைச் சாவடி தெரியாது.

நாம் செய்யத் தக்கது

இவ்வாராய்ச்சிக்குக் காலம் மிகுதியாக இல்லை. சாம்பல் மேட்டை உழவர்கள் உரத்திற்காக வண்டி வண்டியாக வெட்டிச் செல்கின்றனர். அவர்களைக் குறை கூற இயலாது. அது என்ன என்று எவரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. கல்வட்டத்துக் கற்கள் வேலிக்கும் அடித்தளத்திற்கும் போகின்றன. நகரைச் சுற்றி ஆண்டுதோறும் புதுப்புது லேஅவுட்டுகள் எழுகின்றன. ஒருமுறை புல்டோசர் ஓடிய நிலத்தில் நிழலும் இல்லை, பயிரும் இல்லை, குறியும் இல்லை.

இழந்த சிலவற்றை மீட்க ஒரு வழி உண்டு. 1960 முதல் 1972 வரை அமெரிக்க உளவுக் கோள்களாகிய கொரோனா எடுத்த படங்கள் 1995இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. அவற்றுள் சிறந்தவற்றில் சுமார் 2 மீட்டர் அளவுள்ள பொருளும் தெரியும். பகைவரின் ஏவுகணைகளைத் தேடிச் சென்ற அக்கண்களில், மேற்காசியாவின் ஐயாயிரம் ஆண்டுப் பழமையான பாதைகள் அகப்பட்டன. பெங்களூர் பெருகுவதற்கு முன்னைய நிலமும் அத்தகைய படங்களில் தேடத் தக்கது. இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. கணிப்பொறியும் பொறுமையும் போதும்.

நம் சங்கத்தில் இயற்பியலும் நிலவியலும் கணிப்பொறியியலும் பயில்வோர் இருக்கிறோம். தமிழும் வரலாறும் பயில்வோரும் இருக்கிறோம். முன்னவர்களுக்குப் படத்தைப் படிக்கத் தெரியும். பின்னவர்களுக்கு ஊர்ப்பெயரைப் படிக்கத் தெரியும். பாண்டவர் குழி, திடல், மேட்டுக்காடு எனத் தமிழிலும், 'பூதி' என்று தொடங்கிக் கன்னடத்திலும் வழங்கும் பெயர்கள் பல இடங்களில் பழைய மேட்டின் நினைவுகள். விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொருவரும் தம் ஊரில் இத்தகைய பெயருடைய நிலம் ஒன்றைக் குறித்து வந்தால், அவ்விடத்தைப் படத்தில் நாம் சேர்ந்து பார்க்கலாம். பத்தில் ஒன்பது ஏரிக்கரையாகவும் சூளையாகவும் முடியலாம். அந்த ஒன்பதையும் பதிவுசெய்து வைப்பதும் ஆராய்ச்சியே. பத்தாவதைக் கண்டால் நாம் கையில் மண்வெட்டி எடுக்க வேண்டா; அது சட்டத்திற்கும் அறிவியலுக்கும் புறம்பு. தொல்லியல் துறையினருக்கு ஒரு கடிதமும், அந்நிலத்து உழவருக்கு ஒரு நல்ல சொல்லும் போதும்.